ஒத்திவைக்கப்பட்ட மழை

“பங்குனி மாதம் முழுவதும் பள்ளத்தாக்கில் வறண்ட வானிலை நிலவும். தும்பிமலையிலும் அதை ஒட்டிய மலைகளிலும் மழை ஒத்திவைக்கப்படுகிறது.”

இந்த வருடத்து வசந்தகால வானிலைத் திட்டத்தைக் கைபேசி இப்படித்தான் வாசித்தது. வசந்தம் என்று எங்களுக்கு ஒரு காலம் இருப்பதே மேக ஆபீஸ் வந்த பிறகுதான் தெரியும். அதற்கு முன்னால் பங்குனி, சித்திரை, வெயில், அவ்வளவுதான். என் மனைவி பாண்டீஸ்வரி எங்கள் மகள் நிறைமதியின் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மூலையில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். அறிவிப்பைக் கேட்டதும் கை நின்றுவிட்டது.

“இந்த வருசமும் எங்கண்ணனுக்கு இல்லையா?”

“நம்ம பழம் தப்பிச்சிருச்சுன்னு சொல்லு,” என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அன்று சாயங்காலம் எனக்குக் காபி வரவில்லை.

என் பெயர் போஸ். பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறேன். திராட்சை விவசாயிகள் சங்கத்துக்கு நான்தான் தலைவர். வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் வந்த பதவி. பாண்டீஸ்வரி தும்பிமலையில் பிறந்தவள். அவள் அண்ணன் சுருளிவேல், அதாவது என் மச்சான், மேலே பன்னீரூத்தில் காபித் தோட்டம் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் அவர் மலை தெரியும். அவர் களத்தில் நின்றால் என் பந்தல் தெரியும். ஆனால் இரண்டு பேருக்கும் வேண்டிய வானம் ஒன்றாக இருந்ததே இல்லை.

காபிச் செடி ஒரு விசித்திரப் பிறவி. மாசியில் கணுவுக்குக் கணு பச்சை மொட்டைக் கட்டிக்கொண்டு அப்படியே தூங்கிவிடும். பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்தால்தான் கண் திறக்கும். விழுந்து பத்து நாளுக்குள் மலையே வெள்ளையாகப் பூத்துவிடும். விழாவிட்டால் மொட்டு கருகி உதிரும். மலைக்காரர்கள் அதைப் பூ மழை என்பார்கள். அதே பங்குனியில்தான் என் பந்தலில் பழம் பழுத்துத் தொங்கும். மேலே பெய்கிற மழை கீழேயும் கொஞ்சம் சிந்தாமல் போகாது. பழுத்த திராட்சையில் தண்ணீர் பட்டால் தோல் வெடித்துவிடும். அவருக்குப் பூ என்றால் எனக்கு வெடிப்பு.

ஆனாலும் அந்தக் காலம் நன்றாகத்தான் இருந்தது. வானொலியில், “மலைப்பகுதிகளில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்” என்பார்கள். பெய்யாது. வறண்ட வானிலை என்பார்கள், கொட்டும். வானிலைக்காரர்களைக் கேலி செய்தே பாதிப் பங்குனியை ஓட்டுவோம். மேலே பூ மழை இறங்கிய அன்றைக்கு மச்சான் ஜீப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கீழே வந்துவிடுவார். தலையில் சாக்கை மடித்துப் போட்ட கொங்காணி, கையில் கத்தரி. பழம் வெடிப்பதற்குள் பறித்துக் கொடுப்பதற்காக வருவார். வருத்தப்படுவது போல முகத்தை வைத்துக்கொள்வார். உள்ளுக்குள் சந்தோஷம் தாங்காது, உதட்டோரம் காட்டிக்கொடுத்துவிடும்.

“ஏன் மச்சான், உங்க மழைய மேலேயே வச்சுக்கக் கூடாதா? எந் தோட்டத்துல ஏன் கொண்டாந்து ஊத்துறீங்க?” என்று நான் பந்தலுக்கு அடியிலிருந்து கத்துவேன்.

“மிஞ்சிப்போச்சு மாப்ள. கீழ கொட்ட மனசு வரல, அதான் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டாந்தேன்,” என்பார்.

ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி, இதே பதில். ஆனாலும் எல்லோரும் சிரிப்போம். வெடித்த பழத்தை அண்டாவில் போட்டுப் பிழிவோம். பிள்ளைகள் வாயெல்லாம் ஊதாவாகத் திரிவார்கள். பிறகு ஒரு விடியற்காலையில் மேலிருந்து காற்று இறங்கும்போது காபிப் பூ வாசனை வரும். மல்லிகையும் தேனும் கலந்தாற்போல ஒரு வாசனை. எங்கள் கல்யாணத்தன்று பாண்டீஸ்வரி தலையில் வைத்திருந்ததும் அந்தப் பூதான். மணமேடையில் ஐயர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. அந்த வாசனை திரும்பக் கிடைக்கும் என்றால் நான் பாதித் தோட்டத்தை எழுதிக் கொடுப்பேன்.

இதையெல்லாம் மேக ஆபீஸ் மாற்றிவிட்டது.

தும்பிமலைக் கணவாயில் கட்டினார்கள். காகிதத்தில் அதற்கு ‘மேக மேலாண்மை நிலையம்’ என்று பெயர். மேகம் திரண்டால் ட்ரோன்கள் எழும்பிப் போய் உப்புத்தூள் தூவும். வேண்டுமென்றால் மலையிலேயே பெய்ய வைக்கும். வேண்டாமென்றால் கலைத்து மலைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். யாருக்கு வேண்டும் என்பதை மாசியில் நடக்கும் பருவக் கூட்டம் தீர்மானிக்கும். ஊருக்கு ஒரு பிரதிநிதி. மழை வேண்டும் என்பவர்களுக்காக, “மலைக்கு யார் கை?” என்று கேட்பார்கள். பிறகு வேண்டாம் என்பவர்களுக்காக, “பள்ளத்தாக்குக்கு யார் கை?” என்பார்கள். கீழே ஊர்கள் அதிகம், மேலே கொஞ்சம். முடிவு என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் கூட்டத்தில் மலைக்காக வந்து உட்கார்ந்தவர் சுருளி மச்சான். எங்கள் ஊருக்கு அந்த முறை பெண் பிரதிநிதி என்று விதி வந்ததால் போனவள் பாண்டீஸ்வரி. முந்தைய பங்குனியில் எங்கள் பழம் முழுக்க வெடித்துப் போயிருந்தது. நிறைமதியைப் படிக்கவைக்கக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தோம். பள்ளத்தாக்குக்கு யார் கை என்று கேட்டபோது பாண்டீஸ்வரி கையைத் தூக்கினாள். எதிரே இருந்த அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்றைக்குப் பிறகு அவர் மலையை விட்டு இறங்கவில்லை.

மற்றவர்களும் அப்படித்தான் ஆனார்கள். முன்பு மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் எல்லோரும் சேர்ந்து வானத்தைத் திட்டுவோம். இப்போது திட்டுவதற்கு ஆள் கிடைத்துவிட்டது. ஒருமுறை சந்தையில் மலைக்காரர் ஒருவர் என் பழப்பெட்டியைப் பார்த்து, “எங்க மழையக் குடிச்சு வளந்த பழம்ல?” என்றார். பழைய கேலி என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போது மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் வந்து நின்று மாலை எடுத்துக் கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் மேடை ஏற மாட்டாள். மச்சானோ, இந்த வருடமும் பூக்காவிட்டால் காட்டை விட்டுவிட்டுக் கோயமுத்தூரில் மகன் வீட்டோடு போய்விடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கல்யாணத்துக்கு வருவாரா என்று கேட்டு அனுப்பியதற்குப் பதில் இல்லை.

“நேர்ல போய் வெத்தல பாக்கு வச்சு அழைப்போம். முடிஞ்சா கால்ல விழுவேன்,” என்றாள் பாண்டீஸ்வரி.

விடிந்ததும் ஜீப்பைக் கிளப்பினேன். கணவாயில் மேக ஆபீஸ் வந்ததும், “வண்டிய நிறுத்துங்க,” என்றாள். மலை ஏறும்போது அவளுக்குக் குமட்டும் என்பதால் நிறுத்தினேன். அவள் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போனாள்.

நிலையத்தின் பொறுப்பாளர் பிளசி மேடம். நாகர்கோவில் பக்கம். தனியாளாக அந்தக் கட்டடத்தில் இருந்தார். மேஜைமேல் தட்டை வைத்தாள் என் மனைவி.

“மேடம், எம் மக கல்யாணத்துக்கு எங்கண்ணன அழைக்கப் போறேன். தட்டுல எல்லாம் இருக்கு. மழை மட்டும்தான் இல்ல. ஒரே ஒரு மழை குடுங்க. நான் கொண்டுட்டுப் போறேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஏய், பழம் பூரா பந்தல்ல தொங்குதுடி!”

“தொங்கட்டும்.”

“அக்கா, திட்டம் வெளியிட்ட பொறவு மாத்த முடியாது,” என்றார் பிளசி.

“உங்களுக்குத் தங்கச்சி இருக்கா மேடம்? அண்ணன் இருக்காரா?” என்று கேட்டாள் பாண்டீஸ்வரி. கேட்டதும் அழுகை வந்துவிட்டது. அவள் சாதாரணமாக அழுகிறவள் இல்லை. மாமியார் செத்தபோதுகூட அடுப்படியைக் கவனித்துக்கொண்டிருந்தவள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

பிளசி எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“அக்கா, அழாதீங்க. நான் தரமாட்டேன்னு சொல்லல்ல. எங்கிட்ட இல்லாததைக் கேக்குதீங்க.”

“இல்லன்னா?”

“மழையக் குடுக்கதும் தடுக்கதும் இங்க நடக்கவே இல்ல. தொடங்கின புதுசுல கொஞ்சம் நடந்துச்சு. ஆனா மேகம்னு ஒண்ணு வந்தாத்தானே திருப்ப முடியும்? பங்குனியில மலைக்கு மேகமே வராம ஆயிப் போச்சு. காத்து சூடாயிட்டு. வெறும் வானத்துல உப்பைத் தூவிட்டு இருந்தோம். பொறவு அதையும் விட்டாச்சு. ட்ரோன் சும்மா எழும்பும், சும்மா இறங்கும்.”

“அப்ப திட்டம்?” என்று கேட்டேன் நான்.

“அது வெறும் கணிப்புதான் அண்ணே. கம்ப்யூட்டர் நல்லாவே கணிக்கும். மலையில மழை இருக்காதுன்னு அது சொல்லும். கூட்டத்துலயும் மலைக்கு வேண்டாம்னு கை தூக்குவாங்க. ரெண்டும் ஒத்துப் போச்சு. நாங்க, பெய்யாதுங்கற எடத்துல ஒத்திவைக்கப்படுதுன்னு எழுதினோம்.”

“இத வெளிய சொல்ல வேண்டாமா?”

“மேல சொல்லிப் பாத்தேன். ஜனங்க ஒரு ஏற்பாடு இருக்குன்னு நம்பி நிம்மதியா இருக்காங்க, விட்டுரும்மான்னாங்க. மழை ஏன் வரல்லன்னு காரணம் கேட்டா எவ்வளவு பெரிய பதில் சொல்லணும்? பக்கத்து ஊரைக் காட்டிட்டா எளுப்பமாப் போச்சுல்ல?”

சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வானத்தைக் காட்டினார். “இந்த வருசம் கம்ப்யூட்டரே குழம்புது. தென்கிழக்கேர்ந்து கொஞ்சம் ஈரம் வருது. பெய்யக்கூடும். ஆனா அப்பிடி எழுத எனக்கு அனுமதி இல்ல.”

பெய்யக்கூடும். அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று!

மேலே ஏறும்போது பாண்டீஸ்வரி வேறு ஆளாக இருந்தாள். கண்ணைத் துடைத்துத் தலையைக் கோதிக்கொண்டு, “அப்ப நான் எங்கண்ணன் மழைய எடுக்கல. கேட்டீங்கள்ல? யாரும் எடுக்கல,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கும் பாரம் இறங்கினாற்போல இருந்தது. கோபித்துக்கொள்ளக் காரணமே இல்லாமல் இத்தனை வருடம் வீணாகிவிட்டதே என்று நினைத்தேன். இதைச் சொன்னால் மச்சான் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு இப்போதே கிளம்பிவிடுவார் என்றும் நினைத்தேன்.

பன்னீரூத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மச்சான் களத்து ஓரத்தில் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மொட்டுக் கட்டி, நுனியில் கருகத் தொடங்கியிருந்த செடிகள். அவர் மனைவி முன்னாடியே கோயமுத்தூர் போய்விட்டிருந்தார்.

“வாங்க மாப்ள,” என்றார். தங்கையைப் பார்க்கவில்லை. ஆனால் உள்ளே போய் மூன்று தம்ளரில் வரக்காப்பி கொண்டுவந்தார். மூன்றாவது தம்ளரை அவள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு மலையைப் பார்த்தார்.

பாண்டீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். மேகம் வராதது, சும்மா பறந்த ட்ரோன், பொய்த் திட்டம் எல்லாம். “நான் ஒம் மழைய எடுக்கலண்ணே,” என்று முடித்தாள்.

மச்சான் காப்பியைக் குடித்து முடித்தார்.

“தெரியும்,” என்றார்.

“என்ன தெரியும்?”

“ட்ரோன் எந் தலைக்கு மேலதான பறந்துச்சு? மொட்ட வானத்துல போயிட்டு மொட்ட வானத்துலேர்ந்து எறங்கும். இல்லாத மேகத்த எவன் தடுக்க முடியும்? ரெண்டாம் வருசமே எனக்குத் தெரியும்.”

“அப்ப ஏண்ணே வரல? ஏன் பேசல?”

முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார். “மழை வரலன்னு நான் கோவிச்சேன்னா நெனச்ச ஈசுவரி? மழை வராட்டி மலைக்காரன் பொழைக்கத் தெரிஞ்சுக்குவான். எதிர்ல நான் உக்காந்திருக்கேன். என்னையப் பாத்துக்கிட்டே கையத் தூக்குன. மிஷின் பொய்யாவே இருக்கட்டும். கை நெசந்தான?”

வழியெல்லாம் நாங்கள் சுமந்து வந்த நல்ல செய்தி அந்தக் களத்தில் செல்லாமல் போய்விட்டது. பாண்டீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே சொன்னாள்.

“நெசந்தாண்ணே. எம் புள்ள, எந் தோட்டம்னு நெனச்சுத்தான் தூக்குனேன். ஒன்னைய நெனக்கல.”

தட்டு அப்படியே இருந்தது. மச்சான் வெற்றிலையை எடுக்கவும் இல்லை, வேண்டாமென்று தள்ளவும் இல்லை.

அப்போதுதான் வெயில் மங்கியதைக் கவனித்தேன். தென்கிழக்கே, பள்ளத்தாக்குக்கு மேலாக, கருப்பாக ஒன்று திரண்டு மலையை நோக்கி வந்துகொண்டிருந்தது. மச்சானும் பார்த்தார். இத்தனை வருடம் கழித்து வரும் விருந்தாளியை வாசலில் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் துணிச்சல் இல்லை.

என் கைபேசி அடித்தது. கீழேயிருந்து சங்கச் செயலாளர் காமுத்துரை.

“மாமா, மலையில கூடுது பாத்தீங்களா? திட்டத்துல இல்லாத மேகம்! மேக ஆபீசுக்குப் போனப் போட்டுக் கலைக்கச் சொல்லுங்க. தலைவர் சொன்னாத்தான் அவங்க கேப்பாங்க. பழம் பூரா போயிரும் மாமா!”

அவன் குரல் களம் முழுக்கக் கேட்டது. மச்சான் என்னைப் பார்த்து, “போன் பண்ணுங்க மாப்ள. உங்க வருசத்துப் பாடு அங்க தொங்குதுல்ல?” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் சங்கடம்.

பண்ணினாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். பிறகு ஏன் என் விரல் அந்த எண்ணைத் தேடியது? பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மை என்னவென்றால், அந்த நொடியில் அந்த மழை பெய்யக் கூடாது என்றுதான் நான் மனதார விரும்பினேன். என் பழம் என் கண்ணுக்குள் நின்றது.

பாண்டீஸ்வரி எழுந்து களத்தின் நடுவுக்குப் போனாள். கூட்டத்தில் நிற்பது போல நேராக நின்றாள். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

“மலைக்கு,” என்றாள்.

எண்ணுவதற்கு அங்கே அதிகாரி இல்லை. அந்தக் கையைப் பார்த்து மேகம் வேகமாக வரப்போவதும் இல்லை. அவள் கையை இறக்கவில்லை. தோள் வலித்திருக்க வேண்டும், இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

நான் கைபேசியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டேன். எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். பந்தலையும், பந்தலில் தொங்கிய ஒவ்வொரு கொத்தையும் நினைத்துக்கொண்டேன். பிறகு நானும் கையைத் தூக்கினேன். சொல்ல எளிதாக இருக்கிறது. தூக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

முதல் துளி களத்துச் சிமெண்டில் ஒரு ரூபாய் அகலத்துக்கு விழுந்தது. அப்புறம் இங்கொன்று அங்கொன்று. அப்புறம் மலையே இரைந்தது. செடிகள் குனிந்து நிமிர்ந்தன. மண் வாசனை மூக்கில் ஏறியது. மச்சான் படியில் நின்று செடிகளைப் பார்த்தார், எங்கள் கைகளைப் பார்த்தார், மறுபடி செடிகளைப் பார்த்தார். உள்ளே போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன்.

இரண்டு சாக்குகளோடு வந்தார். ஒன்றைக் கொங்காணியாக மடித்துத் தங்கையின் தலையில் போட்டார். தூக்கிய கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

“போதும்டி. நனையிற.”

அவள் அந்தச் சாக்குக்குள்ளேயே முகத்தை வைத்து அழுதாள். அவரும் அழுதிருக்கலாம். அந்த மழையில் யாருக்குத் தெரியும்? எனக்கும் ஒரு சாக்கைத் தலையில் போட்டுவிட்டு, “மாப்ள, கீழ கத்தரி எத்தன வச்சிருக்கீங்க? பழம் வெடிக்கிறதுக்குள்ள எறங்கணும்ல?” என்றார்.

போவதற்கு முன்னால் தாம்பாளத்தை உள்ளே எடுத்துப் போய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். வெற்றிலையில் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஜீப் வளைவுகளில் இறங்கியது. மழையும் எங்களோடே இறங்கியது. முன் சீட்டில் என் பக்கத்தில் மச்சான், பின்னால் பாண்டீஸ்வரி. கல்யாணம் பத்துப் பன்னிரண்டு நாளில். அதற்குள் பூத்துவிடும் என்று அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். மச்சான் வருத்தப்படுவது போல முகத்தை வைத்திருந்தார். உதட்டோரம் காட்டிக்கொடுத்தது.

“ஏன் மச்சான்,” என்றேன். அந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. “உங்க மழைய மேலேயே வச்சுக்கக் கூடாதா?”

வைப்பர் இரண்டு மூன்று தடவை போய் வந்தது.

“மிஞ்சிப்போச்சு மாப்ள,” என்றார்.

கைபேசியைத் திரும்பப் போட்டதும் காமுத்துரை லைனில் இருந்தான். கீழேயும் கொட்டுகிறதாம். ஊரே கூடி நிற்கிறதாம். “யாரு மாமா இந்த மழைய விட்டது? பேரச் சொல்லுங்க, சும்மா விடமாட்டோம்!”

“எம் மச்சான்தாண்டா,” என்றேன். “கத்தரியோட வந்துக்கிட்டு இருக்காரு. நேர்லயே கேட்டுக்க.”